இடிமேகத்துக்குள் நுழையும் ஆய்வு விமானம் இனி தேவையா? டி-28 ஓய்வுக்குப் பிறகு ஒரு விவாதம்

#1 கார்முகிலன்

விமானம் ஓட்டப் பழகுகிறவருக்கு வானிலைப் பாடத்தில் முதலில் சொல்லித்தருவது, இடிமேகத்தின் பக்கமே போகாதே என்பதைத்தான். கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 கடல் மைல் விலகிப் போகும்படி அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் வழிகாட்டி சொல்கிறது. 1977 ஏப்ரலில் சதர்ன் ஏர்வேஸின் டிசி-9 ஒன்று ஜார்ஜியா மாநிலத்தில் இடிமழைக்குள் சிக்கியது. ஆலங்கட்டியும் நீரும் புகுந்து இரண்டு எஞ்சின்களும் நின்றுபோய் நெடுஞ்சாலையில் விழுந்தது. அந்த விதிக்குப் பின்னால் உயிர்கள் இருக்கின்றன.

அப்படியிருந்தும், இடிமேகத்தின் உள்ளே என்ன நடக்கிறது என்று நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு, தெரிந்தே உள்ளே போனவர்கள் கொண்டுவந்தது. 1946-இல் புளோரிடாவிலும் 1947-இல் ஒஹாயோவிலும் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஹொரஸ் பையர்ஸ் தலைமையில் நடந்த இடிமேகத் திட்டம்தான் இதில் தொடக்கம். உலகப் போர் முடிந்து வேலையில்லாமல் நின்ற பி-61 இரவுச் சண்டை விமானங்களை எடுத்துக்கொண்டார்கள். 5,000 அடியில் ஒன்று, 10,000 அடியில் ஒன்று என 25,000 அடி வரை ஐந்து விமானங்களை அடுக்கி, ஒரே மேகத்துக்குள் ஒரே நேரத்தில் விட்டார்கள். விமானிகளுக்குக் கொடுத்த உத்தரவைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். ஏறுகாற்று தூக்கினால் தூக்கட்டும், இறங்குகாற்று அமுக்கினால் அமுக்கட்டும். உயரத்தைக் காப்பாற்றப் போராடக் கூடாது. மூக்கைச் சமமாக வைத்து, எஞ்சின் விசையை மாற்றாமல் நேரே போக வேண்டும். விமானம் எவ்வளவு தூக்கி எறியப்பட்டது என்பதுதான் காற்றின் அளவு. கருவி வேறு, விமானம் வேறு என்று இல்லை.

இப்படி 1,300-க்கும் மேற்பட்ட முறை நுழைந்தார்கள். ஏறுகாற்று மட்டும் இருக்கும் வளர்பருவம், ஏறுகாற்றும் இறங்குகாற்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் முதிர்பருவம், இறங்குகாற்று மட்டும் மிஞ்சும் தேய்பருவம் என்று இன்று பள்ளிப் புத்தகம் வரை வந்திருக்கும் மூன்று பருவங்களும் அங்கிருந்து வந்தவை.

அடுத்து வந்தது டி-28. பயிற்சி விமானமான அதற்குத் தெற்கு டகோட்டா சுரங்கவியல் தொழில்நுட்பக் கல்லூரிக்காகக் கவசம் போட்டார்கள். ஏறத்தாழ 7.5 செ.மீ. ஆலங்கட்டியையும் தாங்கும்படி இறக்கையின் முன்விளிம்பும் முன்கண்ணாடியும் பலப்படுத்தப்பட்டன. உள்ளே ஒரே ஒரு விமானி. விஞ்ஞானிகள் தரையில் ரேடார் முன்னால் உட்கார்ந்து, இந்தப் பக்கம் திரும்பு, அந்தப் பக்கம் திரும்பு என்று வானொலியில் சொல்வார்கள். 1970 வாக்கில் தொடங்கி 2000-களின் தொடக்கம் வரை ஏறக்குறைய 900 தடவை இடிமேகங்களுக்குள் போய்வந்தது.

அதன் இடத்துக்கு ஏ-10 போர் விமானம் ஒன்றை மாற்றியமைக்கத் திட்டம் போட்டார்கள். ஆண்டுக்கணக்கில் இழுத்து 2018 வாக்கில் கைவிட்டுவிட்டார்கள். இது பெரிய இழப்பு என்பது என் உறுதியான கருத்து. மின்னலும் ஆலங்கட்டியும் உருவாகும் உயரத்துக்கே போய் அள்ளிப் பார்க்கும் கை நமக்கு இப்போது இல்லை. உங்கள் கருத்து என்ன?

#2 செங்கோடன்

நல்ல பதிவு. ஆனால் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை.

1946-இல் வானிலை ரேடார் குழந்தை. செயற்கைக்கோள் கிடையாது, கணினி மாதிரி கிடையாது. ஆள் போய்த்தான் ஆக வேண்டியிருந்தது. இன்றைக்குக் கிடை அலை, செங்குத்து அலை இரண்டையும் அனுப்பிப் பார்க்கும் இரட்டை முனைவாக்க டாப்ளர் ரேடார், ஒரு துளி தட்டையா உருண்டையா என்றுகூடச் சொல்கிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் மின்னல்களை மேலிருந்து எண்ணுகிறது. இவ்வளவுக்குப் பிறகும் ஒரு மனிதரைத் தகரப் பெட்டிக்குள் உட்கார வைத்து ஆலங்கட்டிக்குள் அனுப்புவதை அறிவியலின் பெயரால் நியாயப்படுத்த முடியுமா? டி-28 ஓட்டியவர்கள் பத்திரமாகத் திரும்பி வந்தார்கள் என்பதற்காக அடுத்தவரும் வருவார் என்று யாரும் எழுதிக்கொடுக்கவில்லை.

#3 ஆதிரை

நான் ரேடார் தரவில்தான் ஆய்வு செய்கிறேன். அதனால் செங்கோடன் அண்ணா சொன்னதற்கு ஒரு பதில்.

ரேடார் பார்ப்பது துளியை அல்ல, துளிகள் எல்லாம் சேர்ந்து திருப்பி அனுப்பும் எதிரொலியை. மழைத்துளி அளவில் இருக்கும் பொருள்களுக்கு அந்த எதிரொலி விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்பக் கூடும். 1 மி.மீ. துளிகள் பத்து லட்சம் சேர்ந்து தரும் எதிரொலியை 10 மி.மீ. உருண்டை ஒன்றே தந்துவிடும் என்று கணக்கு வருகிறது. உண்மையில் பனிக்கட்டி, நீர் பூசிய பனிக்கட்டி என்று வரும்போது இந்தக் கணக்கு இன்னும் சிக்கலாகும். ஆக ஒரே அளவு எதிரொலிக்குப் பின்னால் எத்தனையோ விதமான மேகம் இருக்கலாம். இரட்டை முனைவாக்கம் அந்தக் குழப்பத்தைக் குறைக்கிறது, தீர்க்கவில்லை. "இங்கே இருப்பது பனிச்சரளை" (நீர்த்துளிகள் உறைந்து ஒட்டிய சிறு பனி உருண்டை) என்று நிரல் திரையில் நிறம் பூசுகிறதே, அந்த நிறம் சரியா என்று யாராவது அதே இடத்தில், அதே நேரத்தில் போய்ப் பார்த்திருந்தால்தான் நம்பலாம். நாங்கள் இன்றும் அந்தச் சோதனைக்கு டி-28 காலத்துத் தரவைத்தான் புரட்டுகிறோம். 2000-இல் கான்சாஸ்–கொலராடோ எல்லையில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வில் ரேடார்களும் மின்னல் வரைபடக் கருவியும் டி-28-உம் ஒரே மேகத்தைப் பார்த்தன. அந்த மாதிரித் தரவு விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கிறது.

எங்கள் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு அந்தத் தரவு எப்படி இருக்கும் என்று காட்ட ஆசை. இறக்கையின் கீழே இரண்டு கொம்பு நீட்டிய கருவி ஒன்று தொங்கும். ஒரு கொம்பிலிருந்து மறு கொம்புக்கு ஏறக்குறைய 6 செ.மீ. தூரத்துக்கு மெல்லிய லேசர் கற்றை. மறுமுனையில் 32 ஒளியுணரிகள் வரிசையாக. பனிப்படிகம் கற்றையைக் கடக்கும்போது நிழல் விழும். விமானம் வினாடிக்கு 100 மீட்டர் போகிறது, நிழலை 25 மைக்ரோமீட்டருக்கு ஒரு கீற்றாக எடுக்க வேண்டும் என்றால் வினாடிக்கு 40 லட்சம் கீற்றுகள். அவற்றைச் சேர்த்து அச்சிட்டால் ஒரு பட்டையில் வரிசையாகக் கறுப்பு உருவங்கள். ஆறு கிளை நட்சத்திரம், அடுத்து ஊசி, அடுத்து கிளையெல்லாம் உறைபனி அப்பிக் கரடுமுரடாகிப் போன உருண்டை. ரேடாரில் ஒரே பச்சை நிறமாகத் தெரியும் இடத்தில் இத்தனையும் இருக்கும்.

#4 வான்மணி

தம்பி கார்முகிலன், அருமையான பொருளை எடுத்திருக்கிறீர்கள். முப்பது வருடத்துக்கு மேல் விமானப் பராமரிப்பில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, டி-28-ஐ ஏன் பிடித்தார்கள் என்பது. அதில் இருந்தது பிஸ்டன் எஞ்சின், ரைட் நிறுவனத்தின் ஆரவகை எஞ்சின். ஜெட் எஞ்சின் காற்றை வாய் நிறைய விழுங்குகிற ஜாதி. காற்றோடு நீரும் பனியும் அளவுக்கு மீறிப் போனால் எரிப்பு அறையில் தீ அணைந்துவிடும். பிஸ்டன் எஞ்சினுக்கு அந்தப் பயம் அவ்வளவு இல்லை. ஏ-10-ஐத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு. விமானியைச் சுற்றி டைட்டானியம் கவசம், எஞ்சின்கள் இறக்கைக்குப் பின்னால் உயரத்தில். அடி வாங்கவே கட்டிய விமானம். அது மேகத்துக்குள் போகாமலே போனதில் எனக்கும் வருத்தம்.

இரண்டாவது, மின்னல் அடித்த விமானம் எப்படி இருக்கும் என்பது. பயணிகள் விமானங்களுக்கே இது சாதாரணமாக நடக்கும். இறங்கியதும் நாங்கள் விளக்கைப் பிடித்துக்கொண்டு மூக்கிலிருந்து வால் வரை அங்குலம் அங்குலமாகத் தேடுவோம். மூக்குப் பக்கம் ஒரு ரிவெட் தலை உருகிச் சிறு குழி விழுந்திருக்கும். அங்கிருந்து பின்னோக்கி, உடலோடு வரிசையாகச் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். மின்னல் ஒரே இடத்தில் நிற்கிறது, விமானம்தான் முன்னே நகர்கிறது. அதனால் மின்னல் பின்னால் தாவித் தாவிப் போன தடம் அது. கடைசியில் வாலிலோ இறக்கை நுனியிலோ வெளியேறிய இடத்தில் நிலைமின்னைக் காற்றில் கசியவிடும் கம்பி ஒன்று கருகி முறிந்திருக்கும். ஒரு தடத்தைத் தேடி முடிக்கவே மணிக்கணக்காகும்.

நாசாவின் எஃப்-106பி விமானத்தை நினைத்துப் பாருங்கள். 1980 முதல் 1986 வரை இடிமேகங்களுக்குள் 1,496 தடவை போனது, 714 மின்னல்களை நேரடியாக வாங்கியது. 1984-இல் ஒரே பறத்தலில் 38,000 அடி உயரத்தில் 45 நிமிடத்தில் 72 தடவை மின்னல் அடித்தது. அந்த விமானத்தைப் பராமரித்த தொழிலாளிகளை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

#5 கார்முகிலன்

மணி ஐயா, உங்களைப் போன்றவர்கள் எழுதினால்தான் இந்த இழைக்கு உயிர். எஃப்-106பி பற்றிச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். அந்த ஆய்வுக்கு முன்பு, உறைநிலை உயரத்தை ஒட்டித்தான் விமானங்களை மின்னல் அதிகம் தாக்கும் என்று நம்பினார்கள். பயணிகள் விமானங்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த உயரத்தில்தான் மேகத்துக்குள் இருந்தன. அறிக்கைகள் அங்கிருந்துதான் வந்தன. எஃப்-106பி மேலே போய்ப் பார்த்தபோது, மைனஸ் 40 டிகிரி அளவில் குளிர்ந்த உச்சிப் பகுதியில் மின்னல் அடி குவிந்தது. மழையும் குலுக்கலும் குறைவாக இருந்த இடங்களிலேயே நிறைய அடி. குலுக்கல் இல்லை, ஆகவே ஆபத்தில்லை என்று விமானி நினைத்தால் அது தவறு என்று தெரிந்தது.

அதைவிடப் பெரிய செய்தி: அந்த அடிகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டியதே விமானம்தான். ஏற்கெனவே பாயும் மின்னல் குறுக்கே போன விமானத்தில் பட்டது அல்ல. வலுவான மின்புலத்துக்குள் கூர்மையான நுனிகளோடு ஓர் உலோகப் பொருள் நுழைந்ததால் அங்கிருந்தே மின்னல் கிளம்பியது. இதை ரேடார் சொல்லியிருக்காது.

#6 செங்கோடன்

ஒப்புக்கொள்கிறேன், அது விமானத்தால் மட்டுமே கிடைத்த உண்மை. ஆனால் ஒரு சந்தேகம். சூறாவளிக்குள் அமெரிக்கக் கடல், வானிலை அமைப்பான நோவாவின் பி-3 ஓரையன் விமானங்கள் 1970-களிலிருந்து போய்வந்துகொண்டே இருக்கின்றன. சூறாவளியின் கண்ணைச் சுற்றி நிற்கும் மேகச் சுவரைக் கிழித்துக்கொண்டு போகிறார்கள். உள்ளே பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்து வேலை செய்கிறார்கள். அதே விமானத்தை இடிமேகத்துக்குள் அனுப்பக் கூடாதா? தனியாகக் கவச விமானம் எதற்கு?

#7 கார்முகிலன்

கேட்க வேண்டிய கேள்வி. பெயரில் சூறாவளிதான் பெரிது. விமானத்துக்கு இடிமேகம்தான் கொடிது.

சூறாவளியின் காற்று பெரும்பாலும் கிடைமட்டமானது. மணிக்கு 200 கி.மீ. கிடைக்காற்றில் விமானமும் சேர்ந்து நகரும், அவ்வளவுதான். செங்குத்துக் காற்று பொதுவாக வினாடிக்குச் சில மீட்டரே. கண்டத்தின் மேல் உருவாகும் வலுத்த இடிமேகத்தில் ஏறுகாற்று வினாடிக்கு 50 மீட்டரையும் தொடும். அதற்குப் பக்கத்திலேயே இறங்குகாற்று. ஒன்றிலிருந்து மற்றதுக்கு விமானம் ஓரிரு வினாடியில் கடக்கும். அங்கேதான் இறக்கைக்குச் சோதனை.

இன்னொன்று, சூறாவளி மேகத்தில் உறைநிலைக்கு மேலே நீர் பெரும்பாலும் சீக்கிரமே பனியாகிவிடுகிறது. மைனஸ் 15 டிகிரியிலும் உறையாமல் திரவமாகவே நிற்கும் அதிகுளிர் நீர் அங்கே குறைவு. இடிமேகத்தின் ஏறுகாற்றில் அது ஏராளம். அந்த நீர்தான் ஆலங்கட்டியை வளர்க்கிறது, இறக்கையில் பட்டதும் பாறையாக உறைகிறது, மின்னேற்றத்துக்கும் அதுவே வழி செய்கிறது. பி-3 விமானிகள்கூடச் சூறாவளிக்குள் தனியாகப் பொங்கி நிற்கும் கடுமையான முகில்களைச் சுற்றித்தான் போவார்கள்.

#8 இளவேனில்

குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். 1959-இல் அமெரிக்க விமானி வில்லியம் ராங்கின் எஃப்-8 விமானத்தின் எஞ்சின் நின்றுபோய் 47,000 அடியில் குதித்தார். கீழே இடிமேகம். பாராசூட் விரிந்ததும் ஏறுகாற்று மீண்டும் மீண்டும் தூக்கிப் போட்டு, சில நிமிடங்களில் முடிந்திருக்க வேண்டிய இறக்கம் 40 நிமிடம் நீண்டது. ஆலங்கட்டி அடி, உறைபனிக் கடி, மூச்சில் ஏறும் மழைநீர். பிழைத்து வந்தார். கார்முகிலன் எழுதிய ஏறுகாற்று என்ன செய்யும் என்பதற்கு இவர் சாட்சி.

#9 மதியழகி

இயற்பியல் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். இது என் நெஞ்சுக்கு நெருக்கமான பொருள், நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மின்னல் எப்படித் தொடங்குகிறது என்பது இன்னும் முழுசாகத் தெரியாது. கடல்மட்டக் காற்று மின்முறிவு அடைய மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் மின்புலம் வேண்டும். மேகத்தின் உயரத்தில் காற்று அடர்த்தி குறைவதால் அதில் பாதி போதும். ஆனால் பலூன்களும் விமானங்களும் மேகத்துக்குள் அளந்தது பொதுவாக மீட்டருக்கு ஒன்றிரண்டு லட்சம் வோல்ட்தான். பத்தில் ஒரு பங்கு! இருந்தும் மின்னல் பாய்கிறது. இந்த இடைவெளி மேகத்துக்குள் போய் அளந்ததால் தெரிந்தது. வெளியே இருந்து பார்த்தவர்களுக்கு இப்படி ஒரு புதிர் இருப்பதே தெரிந்திருக்காது.

ஒரு விடை, ஓட்ட எலக்ட்ரான்கள். மேகத்தின் மின்புலம் எலக்ட்ரான்களை முடுக்கும் என்று சி. டி. ஆர். வில்சன் 1925-லேயே சொன்னார். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் உதிர்க்கும் ஓர் எலக்ட்ரான் வேகம் பிடித்து, மோதி, மேலும் பல எலக்ட்ரான்களைக் கிளப்பி வெள்ளமாகும் என்று 1992-இல் குரேவிச்சும் கூட்டாளிகளும் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அப்படி நடந்தால் காமா கதிர் வர வேண்டும். 1980-களிலேயே எஃப்-106-இல் வைத்த கருவியில் எக்ஸ் கதிர் கூடுவதைப் பார்க்ஸும் மெக்கார்த்தியும் பதிவு செய்திருந்தார்கள். 1994-இல் காம்ப்டன் செயற்கைக்கோள் பூமியிலிருந்து வரும் கணநேரக் காமா பளிச்சிடல்களைக் கண்டதாக அறிவிப்பு வந்தது.

2009 ஆகஸ்டில் ஜோசப் டுவையரின் குழு கல்ஃப்ஸ்ட்ரீம் 5 விமானத்தில் காமா கருவியோடு ஜார்ஜியா கடற்கரையை ஒட்டிப் பறந்தது. இடிமேகத்துக்குள் போவது அவர்கள் திட்டம் இல்லை. ரேடாரில் பார்த்ததை வைத்துக் கணித்ததில் பிசகி மேகத்துக்குள்ளேயே போய்விட்டார்கள். விமானம் தூக்கி அடிக்கப்பட்ட அந்த நேரத்தில் கருவி 511 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒரு கூர்முகட்டைப் பதிவு செய்தது. அது எலக்ட்ரானின் எதிர்ப்பொருளான பாசிட்ரான், எலக்ட்ரானோடு சேர்ந்து அழியும்போது மட்டும் வரும் ஆற்றல். விமானத்தைச் சுற்றி எதிர்ப்பொருள் மேகம்! 2015-இல்தான் அதை வெளியிட்டார்கள். முழு விளக்கம் இன்னும் கிடைக்கவில்லை.

அடுத்து 2023 ஜூலையில் நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழகமும் நாசாவும் நடத்திய அலாஃப்ட் ஆய்வு. புளோரிடாவிலிருந்து ஈஆர்-2 விமானம் கிளம்பி 20 கி.மீ. உயரத்தில், வெப்பமண்டல இடிமேகங்களின் தலைக்கு மேல் பறந்தது. காமா ஒளிர்வு தெரிந்த கணமே அது தரைக்குத் தெரிந்தது. உடனே விமானியைத் திருப்பி அதே மேகத்தின் மேல் மறுபடி ஓட விட்டார்கள். ஆயிரக்கணக்கான சதுர கி.மீ. பரப்பில் மணிக்கணக்காகக் காமா கதிர் கொதித்துக்கொண்டிருந்தது. நீண்டு நிற்கும் ஒளிர்வுக்கும் கணநேரப் பளிச்சிடலுக்கும் நடுவில் மினுக்கி மினுக்கி வரும் புதுவகை ஒன்றையும் கண்டார்கள். 2024-இல் நேச்சர் இதழில் வந்தது. அரிதான விந்தை என்று இருந்த ஒன்றை, வெப்பமண்டல இடிமேகங்களின் அன்றாடம் என்று மாற்றியது ஒரு விமானம்.

#10 செங்கோடன்

மதியழகி, அற்புதமாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் உங்கள் கடைசி எடுத்துக்காட்டு என் வாதத்துக்குத்தான் வலு சேர்க்கிறது. ஈஆர்-2 மேலே பறந்தது, உள்ளே போகவில்லை. ஊட்டியில் காஸ்மிக் கதிர்களை ஆராயும் கிரேப்ஸ்-3 குழு என்ன செய்தது? தரையில் இருந்தபடியே, 2014 டிசம்பர் 1 அன்று தலைக்கு மேல் போன இடிமேகத்தால், காஸ்மிக் கதிர்களிலிருந்து பிறந்து தரைக்கு வரும் மியுவான் துகள்கள் குறைந்ததை அளந்து, மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று 2019-இல் வெளியிட்டார்கள். இடிமேகத்தில் இருக்கக்கூடும் என்று வில்சன் முன்பே சொன்ன மின்னழுத்த அளவை எட்டிய அந்த அளவீட்டுக்கு ஒரு சொட்டு விமான எரிபொருள் செலவாகவில்லை. ஆபத்தில்லாத வழி இருக்கும்போது ஆபத்தான வழி எதற்கு?

#11 மதியழகி

கிரேப்ஸ்-3 முடிவு எனக்கும் பெருமைதான். ஆனால் மியுவான், மேகத்தின் மேலிருந்து கீழ் வரை மொத்த மின்னழுத்தத்தைத்தான் சொல்லும். அந்த 130 கோடி வோல்ட் எந்த உயரத்தில், எத்தனை மீட்டர் தடிப்புக்குள் அடைந்து கிடக்கிறது என்பதை அது தனியாகச் சொல்லாது. மின்னல் தொடங்குவது மொத்தத்தைப் பார்த்து அல்ல. எங்கோ ஒரு சிறு இடத்தில் புலம் எல்லை மீறும்போது. அந்தச் சிறு இடத்தில் இருந்தது நீரா, பனியா, எவ்வளவு மின்னூட்டம் என்று அங்கே போகிற கருவிதான் சொல்ல வேண்டும்.

அதுவும் எளிதல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். விமானமே ஓர் உலோகக் கட்டி. மின்புலத்தை அது வளைக்கும். பனியோடு உரசித் தானும் மின்னேறும். அதனால் உடலின் பல இடங்களில் புல ஆலை என்ற மின்புலம் அளக்கும் கருவிகளைப் பொருத்துவார்கள். சுழலும் தகடு ஒன்று மின்வாயை மூடி மூடித் திறக்கும், அப்போது ஓடும் சிறு மின்னோட்டத்தை அளப்பது அதன் வேலை. எல்லா ஆலைகளின் அளவையும் சேர்த்துத் தீர்த்தால்தான் மேகத்தின் பங்கு எது, விமானத்தின் பங்கு எது என்று பிரியும்.

#12 ஆதிரை

மின்னூட்டம் பற்றி மதியழகி அக்கா சொன்னதன் தொடர்ச்சி. இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம் இது: பனிச்சரளை உருண்டைகள் அதிகுளிர் நீர்த்துளிகளுக்கு நடுவே விழுகின்றன, சிறு பனிப்படிகங்கள் மேலே போகின்றன, மோதி விலகும்போது மின்னூட்டம் கைமாறுகிறது. குளிர் அதிகமான இடத்தில் சரளை எதிர்மின் ஏற்கும், ஓரளவு வெதுவெதுப்பான இடத்தில் நேர்மின். எந்த வெப்பநிலையில் இது தலைகீழாகும் என்பது திரவ நீரின் அளவைப் பொறுத்தது. 1978-இல் தகாஹாஷி ஆய்வகத்தில் செய்து காட்டினார். அவருக்குப் பின் செய்தவர்களின் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. கணினி மாதிரியில் இவருடைய அட்டவணையைப் போட்டால் ஒரு மேகம், அவருடையதைப் போட்டால் வேறு மேகம். எது சரி என்று தீர்க்க, மைனஸ் 10-க்கும் மைனஸ் 20-க்கும் நடுவே திரவ நீரையும் சரளையையும் மின்னூட்டத்தையும் ஒன்றாக அளந்தாக வேண்டும். ஏறத்தாழ அதே உயரங்களில்தான் டி-28 வேலை செய்தது.

விமான அளவீட்டின் குறையையும் மறைக்கக் கூடாது. நான் சொன்ன அந்தக் கொம்புகளில் பெரிய படிகம் மோதி நொறுங்கினால், சில்லுகள் கற்றைக்குள் சிதறும். மேகத்தில் சிறு படிகங்கள் எக்கச்சக்கம் என்று கருவி சொல்லும். பழைய தரவில் இந்தப் பொய்ச் சில்லுகள் நிறைய. பின்னால்தான் கொம்பு நுனியைக் கூராக மாற்றி, படிகங்கள் வரும் இடைவெளியைப் பார்த்துச் சலிக்கும் முறையும் வந்தது. போதாக்குறைக்கு, வினாடிக்கு 5 லிட்டர் காற்றைத்தான் அது பார்க்கிறது. மேகமோ கன கிலோமீட்டர் கணக்கு. டி-28 இன்று இருந்தால் புதிய கருவிகளோடு போயிருக்கும் என்பதே என் ஆதங்கம்.

உள்ளே போய் அளந்ததால் பயணிகளுக்கு நேரடியாகக் கிடைத்த பலனும் உண்டு. வெப்பமண்டல இடிமேகத் திரள்களின் உச்சியில் ரேடாருக்குப் பெரிதாகத் தெரியாத நுண்பனி அடர்ந்து கிடக்கும். குளிர்ந்த உடலில் அது ஒட்டாது. எஞ்சினுக்குள் போனால் பாதி உருகி, சூடான பாகத்தில் ஒட்டி, அதையும் குளிர வைத்து மறுபடி பனியாகும். பிறகு அது பெயர்ந்து விழுந்து விசை போகும், தகடு உடையும். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் கடலில் விழுந்த ஏர் பிரான்ஸ் 447 விமானத்தின் வேகமானிக் குழாய்களை அடைத்ததும் பனிப்படிகங்களே. 2014-இல் ஆஸ்திரேலியாவின் டார்வினிலும் 2015-இல் பிரெஞ்சு கயானாவின் கயென்னிலும் பிரான்சின் ஃபால்கன் 20 விமானம் இப்படிப்பட்ட மேகங்களுக்குள் போய், ஒரு கன மீட்டரில் எத்தனை கிராம் பனி என்று அளந்தது. 2015-இல் நாசாவின் டிசி-8-உம் புளோரிடாவிலிருந்து போனது. எஞ்சின் எவ்வளவு பனியைத் தாங்க வேண்டும் என்ற விதியில் இருக்கும் எண்கள் சரியா என்று பார்க்க அந்த அளவுகள்தான் ஆதாரம்.

#13 செங்கோடன்

ஆதிரை, கடைசிப் பத்திக்கு என்னிடம் மறுப்பு இல்லை. பயணிகள் விமானம் தெரியாமல் நுழையும் மேகத்துக்குள் ஆய்வு விமானம் தெரிந்து நுழைந்து பார்ப்பது முறைதான்.

ஆலங்கட்டி மேகத்துக்கு மட்டும் என் நிலை மாறவில்லை. ஆளில்லா விமானத்தை அனுப்புங்கள். 2002-இல் நாசா ஆல்டஸ் 2 என்ற ஆளில்லா விமானத்தைப் புளோரிடாவின் கீ வெஸ்ட்டிலிருந்து இடிமேகங்களைச் சுற்றிப் பறக்க விட்டு மின்புலம் அளந்ததே. இருபது வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது, தொழில்நுட்பம் எங்கோ போய்விட்டது. விழுந்தால் இயந்திரம்தான் விழும்.

#14 வான்மணி

செங்கோடன் தம்பி, மனித உயிர் மேல் உங்களுக்கு இருக்கும் அக்கறைக்கு மரியாதை. ஆளில்லாமல் போவதை நானும் வரவேற்பேன். ஆனால் பணிமனையிலிருந்து பார்த்துச் சொல்கிறேன். ஆல்டஸ் மேகத்தைச் சுற்றியும் மேலேயும் போனது. நீண்டு மெலிந்த இறக்கை, அதிக நேரம் மிதக்கக் கட்டியது. 50 மீட்டர் ஏறுகாற்றில் நுழைந்தால் அந்த இறக்கை நிற்காது.

உள்ளே போக வேண்டுமென்றால் இறக்கை குட்டையாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். பனி படியாமல் இருக்கச் சூடாக்க வேண்டும், அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்குப் பெரிய எஞ்சின் வேண்டும். ஆலங்கட்டிக்குக் கவசம். மின்னல் அடித்தாலும் கணினி நிற்கக் கூடாது. விமானி உள்ளே இருந்தால் கருவி அணைந்தாலும் கையால் பிடித்துக்கொண்டு வெளியே வருவார். மதியழகி அம்மா சொன்ன புல ஆலைகள், ஆதிரை சொன்ன லேசர் கொம்புகள், எல்லாவற்றின் எடையும் சேர்த்துப் பாருங்கள். வந்து நிற்பது சின்ன ட்ரோன் அல்ல, ஆள் உட்காரும் இடம் மட்டும் இல்லாத ஒரு டி-28. கட்ட முடியாதது இல்லை. ஆனால் மலிவு என்று நினைத்துத் தொடங்கினால் ஏ-10 மாதிரி நடுவழியில் நிற்கும்.

இன்னொன்று, அது விழுந்தால் கீழே என்ன இருக்கிறது என்பதையும் கேட்பார்கள். வான்பரப்பை ஒதுக்கித் தருகிறவர்களின் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

#15 கார்முகிலன்

மணி ஐயா சொன்ன அந்த ஆளில்லா டி-28-க்கு நான் இப்போதே கைதூக்குகிறேன். செங்கோடன், நீங்களும் நானும் இந்த இடத்தில் சேர்ந்துவிட்டோம் என்று நினைக்கிறேன். எனக்கு வேண்டியது உள்ளே போகும் கருவி. ஆள் போவதுதான் வீரம் என்று நான் வாதாடவில்லை.

அப்படி ஒன்று கட்டினால், ஒன்று போதாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 100 மீட்டர் போகும் விமானம் 10 கி.மீ. அகல மேகத்தை 100 வினாடியில் கடந்துவிடும். திரும்பி வர ஐந்தாறு நிமிடம். அதற்குள் ஏறுகாற்று இருந்த இடத்தில் மழை கொட்டும். டி-28 தரவில் இருக்கும் பெரிய குறை இதுதான். ஒரு விமானம், ஒரு உயரம், ஒரு கோடு. 1946-இல் பையர்ஸ் ஐந்து விமானங்களை அடுக்கியது இதற்காகத்தான். ஆள் இல்லையென்றால் அப்படி அடுக்குவது மறுபடி சாத்தியம். மைனஸ் 5, மைனஸ் 10, மைனஸ் 15, மைனஸ் 20 என்று நான்கு உயரத்தில் நான்கு விமானம் ஒன்றாக நுழைந்தால், தகாஹாஷி அட்டவணையா மற்றவருடையதா என்ற ஆதிரையின் கேள்விக்கு ஒரு மழைக்காலத்தில் விடை வரலாம்.

#16 ஆதிரை

நான்கு விமானம் என்றால் ரேடாரும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் அண்ணா. சுழலும் தட்டு ரேடார் ஒரு மேகத்தைக் கீழிருந்து மேல் வரை சுற்றி முடிக்க நான்கைந்து நிமிடம் ஆகும். விமானம் அதற்குள் உள்ளே போய் வெளியே வந்திருக்கும். தட்டைச் சுழற்றாமல் கற்றையை மின்னணு முறையில் திருப்பும் ரேடார் ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடும். அதோடு எல்லாக் கடிகாரங்களும் ஒத்துப்போக வேண்டும். ஸ்டெப்ஸ் தரவில் விமானத்தின் இடத்தையும் ரேடார் கட்டத்தையும் பொருத்தும்போது சில வினாடி பிசகினாலே சரளை இருந்த இடம் பக்கத்துக் கட்டத்துக்குப் போய்விடுகிறது.

மணி ஐயா, உங்களிடம் ஒரு கேள்வி. இறக்கையைச் சூடாக்குவது சரி, இறக்கைக்குக் கீழே தொங்கும் கொம்புகளையும் சூடாக்கினால் அங்கே உருகும் நீர் பின்னால் வழிந்து கண்ணாடிச் சாளரத்தில் மறுபடி உறையாதா? அதை விமானங்களில் எப்படித் தவிர்க்கிறார்கள்?

#17 வான்மணி

உறையும் அம்மா, நிச்சயம் உறையும். எங்கள் தொழிலில் அதற்கு இரண்டு வழி. ஒன்று, முன்விளிம்பிலேயே நீர் மொத்தமும் ஆவியாகும் அளவுக்குச் சூடு கொடுப்பது. மின்சாரம் கன்னாபின்னாவென்று இழுக்கும். இன்னொன்று, கொஞ்சம் சேரவிட்டு அவ்வப்போது சூடுபோட்டு உதிர்ப்பது. இறக்கைக்கு ஒத்துவரும், ஆனால் கருவியின் முன்னால் உதிர்ந்தால் நீங்கள் சொன்ன அதே பொய்ச் சில்லுக் கதைதான். உங்கள் கொம்புக்கு முதல் வழிதான் சரி. சாளரத்துக்கும் தனிச் சூடேற்றி வைக்க வேண்டும். ஒரு கொம்பின் நீளம், குறுக்களவு, எந்த உலோகம் என்று எழுதுங்கள். எத்தனை வாட் தேவைப்படும் என்று உட்கார்ந்து கணக்குப் போட்டுத் தருகிறேன்.